மூன்றாவது விசில்

ஜூன் 3, திங்கள்

தோல் எப்படி இருக்கிறது, பசிக்கிறதா, களைப்பு எவ்வளவு என்று தினமும் ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும் என்பது கதிர்வீச்சுப் பிரிவு நர்ஸம்மாவின் கட்டளை. கம்பெனியில் பாதி எழுதி விட்ட ரிப்போர்ட் நோட்டு ஒன்று வீட்டில் கிடந்தது, எடுத்துக்கொண்டேன். பதினெட்டு வருஷமாகத் திருப்பூரில் பனியன் செக்கிங் செய்கிறவளுக்குக் குறை எழுதச் சொல்லித்தர வேண்டியதில்லை. இத்தனை நாள் அடுத்தவர் தைத்ததில் கண்டேன், இனி என் உடம்பில் காண வேண்டும்.

இன்று முதல் சிட்டிங். மொத்தம் இருபத்தைந்து, சனி ஞாயிறு கிடையாது. தினமும் கோயம்புத்தூருக்குப் பஸ். ஆபரேஷன் செய்த இடது மார்புப் பக்கம் முழுக்க மார்க்கர் பேனாவால் கோடு போட்டிருக்கிறார்கள். கழுத்தோரம் வரை ஏறி நிற்கிறது. இருபத்தைந்து நாளும் அழியக் கூடாதாம். கட்டிங் மாஸ்டர் துணியில் சாக்பீஸ் வைத்த மாதிரி இருக்கிறேன்.

மெஷின் அறையில் தனியாகப் படுக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிஷம் அசையக் கூடாது. வெளியே டிவியில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். டெக்னீஷியன் பெண் பெயர் நஸ்ரின், இருபத்தைந்து வயது இருக்கும். பயம் தெரியாமல் இருக்கப் பாட்டுப் போடுவாளாம். எதையாவது போடம்மா என்றேன். முருகன் பாட்டுப் போட்டாள்.

தோல் சரி. பசி சரி. களைப்பு பஸ்ஸில்தான்.

ஜூன் 5, புதன்

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர், முடி கொட்டிய தலையில் நான் கட்டியிருக்கும் துணியைப் பார்த்துவிட்டு, தானாகவே ஒரு காலேஜ் பையனை எழுப்பி ஜன்னலோர இடம் வாங்கிக் கொடுத்தார். நன்றி சொல்ல மறந்து இறங்கிவிட்டேன். இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜூன் 7, வெள்ளி

நஸ்ரினுக்கு இன்று ஒரே குஷி.

"அக்கா, ஓவர்லாக் ஆல்பம் வந்துருச்சுங்க. 'ஏற்றுமதி'ன்னு பேரு. போடட்டுங்களா? ராப் புடிக்காதுன்னா சொல்லுங்க, சாமி பாட்டே போடறேன்."

போடு என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

எழுதிவிடுகிறேன், இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள். ஓரம் தைக்கிற மெஷினின் பெயரில், ஓவர்லாக் என்று மேடைக்கு மேடை கூட்டம் கத்துகிறதே, அவன் என் தம்பி நவநீதன். என்னைவிடப் பதினொரு வயது இளையவன். அம்மா நைட் ஷிஃப்ட் போன வருஷங்களில் அவனுக்குச் சோறு போட்டதும் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததும் நான். மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. எனக்கு இந்த நோய் வந்தது அவனுக்குத் தெரியாது. சொல்லக் கூடாது என்று மகள் இனியாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவன் என் தம்பி என்பது இங்கே ஒருவருக்கும் தெரியாது.

அவன் பாட்டை நானாகப் போட்டுக் கேட்பதில்லை, கேட்கவும் மாட்டேன். மெஷினுக்கு அடியில் அசையாமல் கிடக்கும்போது காதில் விழுந்தால் அது என் குற்றமில்லை.

முதல் பாட்டு, சாயத்தண்ணி ஓடும் ஆற்றைப் பற்றியது: ஃபர்ஸ்ட் குவாலிட்டி. சும்மா சொல்லக் கூடாது. இரண்டாவது, கார் பாட்டு: ரிஜெக்ட். அவனுக்குக் கார் ஓட்டவே தெரியாது. மூன்றாவது பாதியில் சிட்டிங் முடிந்துவிட்டது.

ஜூன் 8, சனி

வீட்டில் இருந்தேன். மாவு ஆட்டினேன், இனியாவின் பிளஸ் டூ புத்தகங்களுக்கு அட்டை போட்டேன்.

நான் கேட்காமலேயே அவள் சேதி சொன்னாள். ஆல்பம் ஊத்திக்கொண்டதாம். ஒரு விமர்சகர் பத்துக்கு நாலு கொடுத்திருக்கிறார். பழைய ஓவர்லாக் எங்கே போனான், நூல் அறுந்துபோச்சு என்று கீழே ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறார்கள். பதிமூன்று பாட்டில் நாலைந்து தேறும், மீதி நிரப்புவதற்குப் போட்டது என்பதுதான் பொதுப் பேச்சு. எல்லோரும் சேர்ந்து கேலி செய்வது ஒன்பதாவதை. அதில் பாட்டே இல்லையாம், குக்கர் விசிலடிக்கிறதாம். குக்கரைத் தலையில் கவிழ்த்த மாதிரி அவன் படத்தை மாற்றிப் போட்டிருந்தார்கள். பார்த்து நானும் சிரித்தேன். இனியா மட்டும் சிரிக்கவில்லை.

பேச்சு நின்ற காரணத்தையும் எழுதிவிடலாம். என் புருஷன் என்னையும் ஐந்து வயதுப் பிள்ளையையும் அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனது ஊரறிந்த கதைதான். ஆனால் மறந்துபோன கதை. மூன்று வருஷத்துக்கு முன் நவநீதன் அதை 'ரிஜெக்ட் பீஸ்' என்று பாட்டாக்கினான். அவன் திட்டியது என் புருஷனைத்தான். ஆனால் தெருப் பெயரைச் சொன்னான், 'செக்கிங் டேபிள் அக்கா' என்றான். அந்தப் பாட்டில்தான் அவன் பெரிய ஆளானான். எங்கள் லைன் சூப்பர்வைசர் அதை ரிங்டோன் வைத்தார். என் டேபிளில் நிற்கிறவர்களே முணுமுணுத்தார்கள். அன்று சாயங்காலம் அவனிடம், இனி எனக்குத் தம்பி இல்லை என்று சொன்னேன். அதற்குப் பிறகு மூன்று முறை வந்து கேட்டுக்கு வெளியே நின்றான். மூன்றாவது முறை நல்ல மழை. நான் திறக்கவில்லை.

தோல் லேசாகச் சிவப்பு.

ஜூன் 12, புதன்

எனக்கு அடுத்த சிட்டிங் ராயப்பன் என்ற பெரியவருக்கு. பொள்ளாச்சி டிப்போவில் டிரைவராக இருந்தவர். தொண்டையில் வைத்தியம், பேச வராது. சட்டைப் பையில் சின்னத் தாள்கட்டு வைத்து எழுதிக் காட்டுவார். மூக்கு வழியாகக் குழாய், அதில்தான் பாலும் கஞ்சியும். கதவு வழியாக ஓவர்லாக் பாட்டு அவருக்கும் கேட்கிறது. இன்று எழுதிக் காட்டினார்: 'பையன் ஒரு மூச்சில் இவ்வளவு பேசறான். பாதி எனக்குக் கடன் குடுத்தா தேவலை.'

சிரித்துக்கொண்டே, அந்தக் குக்கர் பாட்டை நானே பாடிவிடுவேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூன் 14, வெள்ளி

பத்து முடிந்தது. இந்த வாரம் நாலிலிருந்து பதிமூன்று வரை காதில் விழுந்தது, ஒன்பது தவிர. அதை நஸ்ரினே தாண்டிவிடுகிறாள். அது போர் அக்கா என்றாள். நேற்று ஆல்பம் திரும்பி முதலிலிருந்து வந்து, கார் பாட்டை மறுபடி கேட்கும்படி ஆயிற்று. இன்று ஏழோடு நின்றது.

ரிப்போர்ட்: ஃபர்ஸ்ட் நாலு, செகண்ட் ஐந்து, ரிஜெக்ட் மூன்று. காதல் பாட்டில் இரண்டாவது சரணம் இழுவை. துபாய் பாட்டில் அவன் குரலே அவனுடையதாக இல்லை. பன்னிரண்டாவதில் ஒரு வரி கேட்டு உடம்பு சிலிர்த்தது. டிவியில் தெரிந்திருக்குமோ என்று பயந்தேன்.

பள்ளிக்கூட நாளில் அவன் பாட்டெழுதிய நோட்டை என்னிடம்தான் நீட்டுவான். செக்கிங்கில் ஓட்டைக்கும் கறைக்கும் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கரை மோசமான வரிகளுக்கு நேராக ஒட்டித் தருவேன். ஒரு பக்கத்துக்கு ஒன்பது அம்பு ஒட்டிய நாளும் உண்டு. அழுதுகொண்டே உட்கார்ந்து மாற்றி எழுதுவான். இப்போது அவனுக்கு அம்பு ஒட்ட ஆளில்லை, அதுதான் விஷயம். இதைச் சொன்னால் அந்த விமர்சகருக்குப் புரியாது.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத் விடுமுறை, மெஷின் கிடையாது. தோல் நல்ல சிவப்பு, அக்குளில் எரிச்சல். கற்றாழை தடவலாமா என்று நாளை கேட்க வேண்டும்.

ஜூன் 18, செவ்வாய்

பஸ் இறங்கி வந்ததும் நோட்டைத்தான் எடுத்தேன்.

நஸ்ரின் பண்டிகை லீவு. அருள் என்றொரு தம்பி இருந்தார். பாட்டு விட்ட இடத்திலிருந்து ஓடும் மேடம் என்று சொல்லிக் கதவை மூடினார். எட்டாவது பாட்டு ஓடி முடிந்தது. அவர் எதையும் தாண்டிவிடவில்லை.

முதலில் கேசட் ஓடும் கரகரப்பு. பிறகு ஒரு குக்கர் விசில். ஒரு பெண் குரல், "ஒண்ணு" என்றது. ஒரு சின்னப் பையன், "பதிமூணு ஒண்ணு பதிமூணு, பதிமூணு ரெண்டு இருபத்தாறு" என்று இழுத்தான். ஏழில் திக்கினான். அந்தப் பெண், "தொண்ணூத்தொண்ணு. மறுபடி மொதல்ல இருந்து சொல்லு" என்று அதட்டினாள். விசில். "ரெண்டு." பையன் மறுபடி ஆரம்பித்தான். விசில். "ரெண்டு."

அந்தக் குரல் என்னுடையது. இருபது வயதில் எனக்கு அப்படி ஒரு குரல் இருந்திருக்கிறது.

அம்மாவின் பக்திப் பாட்டுக் கேசட்டின் மேல் அவன் அன்று பதிவு செய்துவிட்டான் என்று முதுகில் ஒன்று வைத்தேன். அந்தக் கேசட்டை அவன் இத்தனை வருஷம் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. கடைசியில் சின்னப் பையனின் குரலோடு பெரிய நவநீதனின் குரலும் சேர்ந்து பதிமூன்றாம் வாய்ப்பாட்டைச் சொல்லி முடித்தது. ராப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. பாட்டு அவ்வளவுதான்.

அதற்கு மேல் நடந்தது எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். வாய்ப்பாட்டுக் கவனத்தில் மூன்றாவது விசிலை நான் இரண்டு என்று எண்ணிவிட்டேன். அக்கா அது மூணு என்றான். வாயை மூடிட்டுப் படி என்றேன். சோறு குழைந்து கூழாகிப்போனது. வீட்டில் இருந்த கடைசி அரிசி அது. அம்மா ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தால் என்னை அடிப்பாள் என்று, நல்லாருக்கு நல்லாருக்கு என்று சொல்லிக்கொண்டே அந்தக் கூழ் முழுவதையும் அவனே தின்று தீர்த்தான். ஒன்பது வயது. வயிறு உப்பிக்கொண்டு படுத்திருந்தான். அம்மாவிடம் அவன் சொல்லவே இல்லை.

சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் என் உடம்பு குலுங்கியது. மெஷின் நின்றது. அருள் ஓடிவந்து வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை தம்பி, பாட்டு என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர் கொடுத்து, பத்து நிமிஷம் உட்காரவைத்து, மறுபடி படுக்கவைத்து, கோட்டைச் சரிபார்த்து மீதியை முடித்தார். என்னால் பத்துப் பேர் காத்திருந்தார்கள், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அவர்கள் எல்லோருக்கும் நன்றி.

ஜூன் 19, புதன்

சந்தேகம் பிடித்த புத்தி. இனியா சொல்லியிருப்பாள், நோயாளி என்று இரக்கப்பட்டு அந்தப் பாட்டைப் போட்டிருப்பான் என்று தோன்றியது. கூப்பிட்டு விசாரித்தேன். அவள் கண் கலங்க, போனில் அவன் பக்கத்தைத் திறந்து காட்டினாள். பழைய கேசட் ஒன்றின் படம். 'இன்னும் ஓடுது. ஆல்பத்துல வருது' என்று போட்டிருந்தான். தேதி ஜனவரி 12. எனக்குக் கட்டி தட்டுப்பட்டது பிப்ரவரி கடைசியில்.

பிள்ளையைச் சந்தேகப்பட்டதற்கு அவளுக்குப் பிடித்த தக்காளி தோசை சுட்டுக் கொடுத்தேன். மாமாகிட்டப் பேசட்டுமாம்மா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். முன்பு மாதிரி அழுத்திச் சொல்ல வரவில்லை.

ஜூன் 21, வெள்ளி

நஸ்ரின் திரும்பிவிட்டாள். ஒன்பதாவதைத் தாண்டாதே, முழுக்க விடு என்றேன். ஒரு மாதிரி பார்த்தாள், ஆனால் விட்டாள். இம்முறை அசையவில்லை.

வெளியே வந்தபோது ராயப்பன் தாளை நீட்டினார். அந்தத் தாளையே கேட்டு வாங்கி இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். 'குக்கர் சத்தம் கேட்டேன். எனக்குப் பசிச்சுது. ரெண்டு மாசத்துல இன்னைக்குத்தான் பசின்னு ஒண்ணு வந்துச்சு. வீட்டுக்காரி வெளிய நின்னு சோத்துக்குக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு.'

பத்துக்கு நாலு கொடுத்தவரை இந்த வராந்தாவில் ஒரு நாள் உட்காரவைக்க வேண்டும்.

ஜூன் 25, செவ்வாய்

கழுத்தோரம் தோல் கறுத்து உரிகிறது. எந்த ரவிக்கையும் போட முடியவில்லை. சாயங்காலம் கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மெல்லிய ஜெர்ஸி துணியில், தையல் உறுத்தாதபடி வெளிப்பக்கம் வைத்து, முன்பக்கம் திறக்கிற மாதிரி ஆறு மேல்சட்டை தைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து தைத்தார்களாம். இவர்கள்தான் அன்றைக்கு 'ரிஜெக்ட் பீஸ்' முணுமுணுத்தவர்கள். பழக்கதோஷத்தில் ஆறையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு குறை இல்லை. அவர்கள் போன பிறகு அழுதேன்.

ஜூன் 28, வெள்ளி

இனியா ஒரு பேட்டியைக் காட்டினாள். பார்க்க மாட்டேன் என்று சொல்லவில்லை. நவநீதன் இளைத்திருந்தான். கேட்கிறவன் ஒரு வாயாடி. 'ரெண்டு' இரண்டு தடவை வருகிறதே, எடிட்டிங்கில் வெட்டி ஒட்டும்போது நடந்த தப்பா, அதைக்கூடக் கவனிக்காமலா ஆல்பம் விட்டீர்கள் என்று கேட்டுச் சிரித்தான்.

"ஆமாங்க. தப்புதான். அப்படியே விட்டுட்டேன்."

சரி, அந்தப் பெண் குரல் யாருடையது, ரசிகர்களுக்குச் சொல்லலாமே என்று அவன் விடாமல் கேட்டான். நவநீதன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நிதானமாகக் குடித்தான்.

"அடுத்த கேள்வி கேளுங்க."

அவ்வளவுதான். என் அக்கா, எனக்கு அம்மா மாதிரி இருந்தவள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே ஊர் கண்ணீர் விட்டிருக்கும். குக்கர் பாட்டைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருப்பார்கள், ஆல்பமும் பிழைத்திருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னவன், இன்று வற்புறுத்திக் கேட்டும் சொல்லவில்லை. நான் எண்ணத் தவறியதைத் தன் தவறு என்று ஒப்புக்கொண்டு, கேலியையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அந்தக் கூழைத் தின்ற மாதிரியே.

அவன் எனக்குச் செய்தது தப்பு. மழையில் நிற்கவைத்து நான் கேட்டைத் திறக்காததும் தப்புதான். இதை எழுத எனக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

ஜூலை 3, புதன்

களைப்பு. தோல் எரிச்சல். இரண்டு இட்லி. இன்னும் மூன்று சிட்டிங்.

ஜூலை 8, திங்கள்

இருபத்தைந்து முடிந்தது.

திருப்பூர்க்காரி வேறு என்ன கொண்டுபோவாள்? நானே பொறுக்கிப் பார்த்த டீ-ஷர்ட்டுகளை நர்ஸம்மாவுக்கும் அருளுக்கும் நஸ்ரினுக்கும் ராயப்பனுக்கும் கொடுத்தேன். ராயப்பனுக்கு அடுத்த வாரம் குழாயை எடுத்துப் பார்க்கப்போகிறார்களாம். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

நஸ்ரினிடம் மட்டும், ஓவர்லாக் என் தம்பி, குக்கர் பாட்டில் இருப்பது என் குரல் என்று சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"அந்தப் பாட்டையாக்கா நான் தாண்டித் தாண்டி விட்டேன்?"

ஊரே தாண்டியது, நீ தனியாக என்ன செய்தாய் என்று தட்டிக்கொடுத்தேன். முப்பத்தாறு நாளாக என்னைப் பூ மாதிரி படுக்கவைத்து எடுத்த பெண். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன், வலித்தாலும் பரவாயில்லை என்று.

வீட்டுக்கு வந்ததும் அரிசி களைந்து குக்கர் வைத்தேன். இனியாவின் போனை வாங்கி, பதிவு செய்கிற பொத்தானை அமுக்கச் சொன்னேன். அவள் அமுக்கிக் கொடுத்தாள். அடுப்புப் பக்கம் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டேன்.

முதல் விசில். "ஒண்ணு."

இரண்டாவது விசில். "ரெண்டு."

மூன்றாவது விசில். போனை இன்னும் கிட்டே நீட்டினேன். தெளிவாகச் சொன்னேன். "ரெண்டு."

அதோடு அவனுக்கு அனுப்பிவிட்டேன். அடுப்பை அணைக்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

வந்துவிட்டான். நேற்றே வந்துவிட்டான், கோயம்புத்தூரிலிருந்து வாடகைக் காரில், காலில் செருப்புகூட இல்லாமல். கேட் திறந்தே இருந்தது.

சோறு கூழாகத்தான் இருந்தது. தட்டில் போட்டு ரசம் ஊற்றினேன். நல்லாருக்கு நல்லாருக்கு என்று மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு நிமிர்ந்தபோதுதான் என் தலையையும் கழுத்தோரக் கோட்டையும் சரியாகப் பார்த்தான். உட்காரவைத்து, பிப்ரவரியிலிருந்து நடந்தது எல்லாவற்றையும் நானே சொன்னேன். மருந்து ஊசி, ஆபரேஷன், மெஷின், பாட்டு, எல்லாம். டாக்டர் நல்லபடியாகச் சொல்லியிருக்கிறார் என்பதையும் சொன்னேன். என் காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதான். நானும் அழுதேன். இனியா கதவோரம் நின்று அழுதாள்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"தினமும் என் பாட்டுத்தான் போட்டாங்களாக்கா? பதிமூணும் கேட்டியா?"

"பதிமூணும். எந்திரிச்சுப் போகவா முடியும்?"

"கார் பாட்டுமா?"

"ரெண்டு தடவை."

தலையைக் குனிந்துகொண்டான்.

"அந்தக் கார் பாட்டுக்காவது என்னை மன்னிச்சிடு அக்கா."

அதுக்கு மட்டும் மன்னிக்க மாட்டேன் என்று சொன்னேன்.